மாசிலாமணி நீங்கலாக

ஐயர் பிரசங்கத்தில் ‘கடைசியாக’ என்று சொல்லிவிட்டார். இது முதல் கடைசியாக. இன்னும் இரண்டு கடைசியாக பாக்கி இருக்கிறது, அதற்கப்புறம்தான் ஜெபம், காணிக்கை, ஆசீர்வாதம், அதற்கும் அப்புறம் சபைக் கூட்டம், அங்கே நான் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். விசிறி தலைக்கு நேர் மேலே சுற்றியும் முதுகில் வியர்வை இறங்குகிறது. மடியில் கைப்பை, கைப்பைக்குள் நாலாக மடித்த தாள், தாளில் போன மாதக் கூட்டத்தின் நடவடிக்கை. என் கையெழுத்துதான், போஸ்ட் ஆபீஸில் முப்பது வருஷம் ரிஜிஸ்டர் எழுதின கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. ஆனால் அதில் ஒரு வரியை வெள்ளிக்கிழமையிலிருந்து மனசுக்குள் அடிக்கிறேன், எழுதுகிறேன், மறுபடி அடிக்கிறேன். பழைய சபைப் புத்தகங்களை மதுரைக்குக் கொடுத்துவிடுவதென்று தீர்மானமாயிற்று, மாசிலாமணி நீங்கலாக மற்ற யாவரும் சம்மதித்தார்கள். அவ்வளவுதான் வரி. ‘மாசிலாமணி நீங்கலாக மற்ற’ என்பதை எடுத்துவிட்டால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று ஐயர் சொல்கிறார். பென்னட் ஐயர் நல்ல பிள்ளை, எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், வயதென்னவோ என் மகன் வயது. ‘அக்கா, மனுஷனே போய்ச் சேர்ந்துட்டாரு, அவர் பேரை எதுக்கு எதிர்ப்புல போட்டுக்கிட்டு, ஏகமனதாகன்னு போட்டுட்டா மதுரைக்காரங்களுக்கும் சௌகரியம்’ என்றார். சௌகரியம்தான். எனக்குக்கூட சௌகரியம். மூன்றாவது வரிசையில் ரூபி மதினி பாயில் உட்கார்ந்திருக்கிறாள், மாசிலாமணியின் பெண்சாதி, இல்லை, இனி அப்படிச் சொல்லக்கூடாது, மாசிலாமணியைப் புதைத்து மூன்று வாரமாகிறது, அவளுடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிகிறது, அது திரும்புமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவளும் அதையேதான் கேட்டாள். எடுத்துவிடு எப்சி என்று.

எடுத்துவிடு என்று சொல்ல எல்லாருக்கும் வாய் வருகிறது. அது என்ன புத்தகம் என்று தெரிந்தா சொல்கிறார்கள். பலிபீடத்துக்கு இடதுகைப் பக்கம் இருக்கிற அந்தத் தேக்கு அலமாரியில் வேலாங்குளம் சபையின் உயிர் இருக்கிறது, நான் பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், பெருமைப்படாமல் பின்னே என்ன செய்ய. இந்தத் தாலுகாவில் எத்தனை கோயில் இருக்கிறது, கோபுரம் எங்களைவிடப் பெரிசு, ஒலிபெருக்கி எங்களைவிடப் பெரிசு, ஆனால் முதல் நாளிலிருந்து இன்றுவரை என்ன வந்தது என்ன போனது யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைத்த ஊர் எது, எனக்குக் காட்டட்டும். அமெரிக்கத் துரை வந்து ஆரம்பித்த சபை, காங்கிரிகேஷனல் சபை என்று அப்போது பேர். மேலே பிஷப் கிடையாது, உத்தரவு போட ஆள் கிடையாது, கூடியிருக்கிறவர்கள் கைதூக்கினால் அதுதான் தீர்மானம். பிஷப்பெல்லாம் பிற்பாடு சபைகள் ஒன்றாய்ச் சேர்ந்தபோது வந்தது, வந்தாலும் எங்கள் கைதூக்குகிற வழக்கம் போகவில்லை. முதல் புத்தகத்தில் வரவு பக்கம் முழுக்கப் பிடியரிசியும் முட்டையும்தான். சோறு பொங்குகிறபோது ஒரு பிடி அரிசியைத் தனியே கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்கள், அரிசி இல்லாத வீட்டில் பிடி கம்பு. தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பிடியரிசி, இல்லை. முட்டை, இல்லை. பணம், இல்லை. கூடினவர்கள், எல்லாரும். எவன் எழுதினானோ, அவன் வயிற்றிலும் அன்றைக்கு ஒன்றும் இருந்திருக்காது, ஆனாலும் கோடு நேராகப் போட்டிருக்கிறான். அதைவிட எனக்குப் பிடித்த பக்கம் கிணற்றுப் பக்கம். கோயிலுக்கு மணி வாங்குவோம் என்றாராம் துரை. கிணறு வெட்டுவோம் என்றார்களாம் இவர்கள். ஊர்க்கிணற்றில் எங்கள் ஜனத்தை வாளி போட விடாத காலம். ஜமீன் ஆட்கள் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றவர்கள், அந்தக் கையைத் தூக்கி வெள்ளைக்காரரைத் தோற்கடித்திருக்கிறார்கள். கிணறு வெட்டுகிறதென்று தீர்மானமாயிற்று, துரையவர்கள் நீங்கலாக மற்ற யாவரும் சம்மதித்தார்கள். அதோடு விடவில்லை. அடுத்த மாதம் அதை வாசிக்கக் கேட்டு, சரியாய் எழுதியிருக்கிறதென்று துரையவர்கள் முதலாவது கைதூக்கினார்கள் என்றும் எழுதியிருக்கிறது. தோற்றவரே முதல் கை. கிணறு இன்னும் ஊறுகிறது. மணி பத்து வருஷம் கழித்து வந்தது.

இரண்டாவது கடைசியாக ஆயிற்று. குழந்தை ஒன்று அழுகிறது, யாரோ வெளியே தூக்கிப் போகிறார்கள். மாசிலாமணி இருந்திருந்தால் இந்நேரம் கடிகாரத்தைப் பார்த்து, ஐயருக்குக் கேட்கும்படியாகவே செருமியிருப்பார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அருப்புக்கோட்டை மதுரை லைனில் அவர் குரல் தெரியாத ஆள் கிடையாது. பஸ்ஸைக் கிளப்ப ஊருக்கெல்லாம் ‘ரைட்’ சொன்ன வாய், சபைக் கூட்டத்துக்கு வந்தால் மட்டும் பஸ்ஸை நிறுத்துகிற ‘ஹோல்டான்’ என்றுதான் திறக்கும். கோயிலுக்கு நீல வண்ணம் அடிக்கிறோம் என்றால் சம்மதமில்லை. ஒலிபெருக்கி வாங்குகிறோம் என்றால் சம்மதமில்லை, ஆண்டவருக்குக் காது கேட்கும் என்பார். கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி போடலாம் என்றபோதுகூட சம்மதமில்லை, சாம்பார் சாதம் போட்டால் நாலு ஊர் சாப்பிடும் என்றார், பிரியாணியை வந்து இரண்டு தரம் வாங்கியும் சாப்பிட்டார். அத்தனையும் எழுதியிருக்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது, ஒளிக்க என்ன இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் முடிகிற கூட்டத்தை உச்சிவெயில் வரை இழுப்பார், அவருக்காகவே அதிகமாக ஒரு வரி எழுத வேண்டும். மாசிலாமணி நீங்கலாக, மாசிலாமணி நீங்கலாக, என் பேனாவுக்கே அது மனப்பாடம். போன மாதம் ஐயர் விஷயத்தைச் சொன்னார். மதுரையில் ஒரு கல்லூரியில் குளிரூட்டின அறை கட்டி, பழைய சபைகளின் கணக்கும் நடவடிக்கையும் சேர்த்துவைக்கிறார்கள், நம்முடையதையும் கொடுத்தால் இன்னும் நூறு வருஷம் இருக்கும். பூச்சி அரிக்கிறது என்பது நிஜம். சம்மதிக்கிறவர்கள் கைதூக்கலாம் என்றார். எல்லாக் கையும் எழுந்த மாதிரிதான் இருந்தது. ரூபி மதினியின் கையும் எழுந்தது. சம்மதியாதவர்கள் என்றார். ஒரே கை, ஆண்கள் பக்கம், ஜன்னலோரம். ‘நம்ம பேரு நம்ம தாத்தன் பேரு பாக்க நான் மதுரைக்கு டிக்கெட் எடுக்கணுமா? கெணத்தையும் தூக்கிக் குடுத்துருவீகளா?’ என்றார். சொல்லிவிட்டு எதிர்ப் பக்கம் தன் பெண்சாதியைப் பார்த்தாராம். அவள் கையை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தாளாம். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிற கை தூக்கப்படாது என்பது எங்கள் சபையின் பழைய கட்டளை. எழுதுகிறவருக்கு ஒரு பக்கம் வந்துவிட்டால் எழுத்து அந்தப் பக்கம் சாயும் என்று முதல் புத்தகத்தின் அட்டைக்கு உள்பக்கமே எழுதியிருக்கிறது. ஆகவே நான் இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடக் கைதூக்கினதில்லை. நீலமும் கேட்டதில்லை, பிரியாணியும் கேட்டதில்லை. அன்றைக்குத் தூக்கியிருக்கலாமென்றால் எந்தப் பக்கம் தூக்கியிருப்பேன். இங்கேதான் முள் குத்துகிறது. ஜன்னலோரம்தான். அந்தப் பிடிக்காத மனுஷனின் பக்கம்தான்.

எட்டாம் நாள் டீக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா. பெட்டியை இறக்குகிறபோதே ஆரம்பித்துவிட்டது, கட்டினவளே சபை நடுவில் எதிராகக் கைதூக்கினால் எந்த ஆம்பிளைதான் தாங்குவான் என்று. யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், வாய் நாறும். ரூபி மதினி காதிலும் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயிலில் குடைகூட இல்லாமல் வந்து நின்றாள். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. ‘எப்சி, அந்த வரிய எடுத்துரு. எல்லாரும் ஒத்துக்கிட்டாகன்னே எழுது. பொறவு எவனாவது எடுத்துப் படிச்சா, இவ ஒரு பக்கம் அந்த மனுசன் ஒரு பக்கம்னு தெரியப்படாது. அவுகளும் சம்மதிச்சுட்டுப் போனாகன்னு இருக்கட்டும்’ என்றாள். சரி என்று சொல்ல வரவில்லை, மாட்டேன் என்று சொல்ல அவள் முகம் விடவில்லை. வேறென்ன செய்ய என்று தெரியாமல் நடப்புப் புத்தகத்தை எடுத்து அவர் பேர் வருகிற இடங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். நீல வண்ணம். ஒலிபெருக்கி. சண்டே ஸ்கூல் பெஞ்சு, பாயே போதும் என்றாரே, அது. பிரியாணிக்கு வந்தபோது அவள் சிரித்தாள், ‘வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொண்டாந்தாக’ என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அந்தப் பாவி மனுஷனுக்காக நான் அழுவேன் என்று யார் கண்டது. கொஞ்சம் ஆறினதும் எழுந்து, ‘இதெல்லாம் இருக்கட்டும் எப்சி, கடைசி ஒண்ண மட்டும் எடுத்துரு’ என்று சொல்லிவிட்டுப் போனாள். வெயிலிலேயே போனாள். குடை கொடுக்க வேண்டுமென்று அவள் தெரு திரும்பின பிறகுதான் தோன்றியது.

மூன்றாவது கடைசியாகவும் முடிந்து ஐயர் ஆமென் என்றுவிட்டார். காணிக்கைப் பை வருகிறது, சிவப்பு வெல்வெட், பிடியில் அழுக்கு. போட்டுவிட்டேன், என்ன போட்டேன் என்று தெரியவில்லை. பாட்டு எழுகிறது, வாய் பாடுகிறது, மனசு வேறெங்கோ. இன்று வாசித்து, கேட்டவர்கள் சரி என்று கைதூக்கினால்தான் இந்தத் தாள் புத்தகத்தில் ஏறும். ஒருவர் எழுந்து, இல்லை, அப்படி நடக்கவில்லை என்று சொன்னால் அங்கேயே அடிக்க வேண்டும். ஏறிவிட்டால் பிறகு பிஷப் வந்தாலும் மாற்ற முடியாது. ஆக இன்னும் சற்று நேரம் அந்த வரி என் கையில் இருக்கிறது. ஏகமனதாக. என்ன அழகான வார்த்தை. சட்டசபையிலிருந்து சங்கம் வரை எல்லாரும் போடுகிறார்கள். எங்கள் புத்தகங்களில் அந்த வார்த்தையே இல்லை என்று இவர்களுக்குத் தெரியுமா. நிஜமாகவே எல்லாரும் சம்மதித்த நாட்களில்கூட, சம்மதியாதவர் ஒருவருமில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள், தேடிப் பார்த்தோம், இல்லை என்கிற மாதிரி. இந்தப் புத்தகங்கள் ஊரைவிட்டுப் போகப்போகின்றன, நடப்புப் புத்தகமும் நிறைந்ததும் பின்னாலேயே போகும், போவதற்கு முந்தின கடைசிக் காரியத்தை ஒரு பொய்யோடு முடித்து அனுப்பவா. மதுரையில் எவளோ ஒரு படிக்கிற பெண் கையுறை போட்டுக்கொண்டு புரட்டுவாள், துரையவர்கள் நீங்கலாக என்று படித்து ஆச்சரியப்படுவாள், அப்படிப்பட்ட ஜனம் கடைசியில் ஏகமனதாகிவிட்டதே என்று நினைப்பாள். ஆனால் எப்சிபாய், நில், இது நியாயமா திமிரா. புருஷனைப் பறிகொடுத்தவள் ஒரே ஒரு காரியம் கேட்கிறாள், நீ எவளோ முகம் தெரியாத பெண்ணுக்காக மாட்டேன் என்கிறாய். இன்னும் கேள். மாசிலாமணியின் பேரைக் காப்பாற்றுவது மாசிலாமணிக்காகவா, நீ தூக்காமல் வைத்திருந்த கைக்காகவா. அவர் தூக்கின கைக்குள்ளே உன் கையை ஒளித்துவைத்துக்கொண்டு எழுத்து சாயாது என்று பெருமையடிக்கிறாயா. சாய்ந்துதான் இருக்கிறது. அந்தப் பேரை எழுதுகிறபோது நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறேன், தாளின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரியும். ஆசீர்வாதம் சொல்லுகிறார் ஐயர், எல்லாரும் தலை குனிகிறார்கள், ரூபி மதினியின் பின்கழுத்து இன்னும் குனிகிறது. ஆண்டவரே, நான் வாசிக்கிறபோது என் வாய் என்ன சொல்லப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

பாய்கள் நகர்கின்றன, பிள்ளைகள் வெளியே ஓடுகிறார்கள், பெரியவர்கள் முன்னே வந்து உட்காருகிறார்கள். ‘செயலாளர் அக்கா போன கூட்டத்து நடவடிக்கையை வாசிப்பாங்க’ என்று சொல்லி ஐயர் என்னைப் பார்க்கிறார், கெஞ்சுகிற பார்வை. எழுந்துவிட்டேன். தாளை விரிக்கிறேன், போஸ்ட் ஆபீஸில் தந்தி வாசித்துச் சாவு சொன்ன அதே கைதான். ஜெபத்தோடு கூட்டம் ஆரம்பமாயிற்று. வரவு செலவு வாசிக்கப்பட்டது. குழாய் பழுதுபார்க்க முடிவாயிற்று, சம்மதியாதவர் ஒருவருமில்லை. குழாய்க்கு எப்படி அவர் சம்மதித்தார் என்று இப்போதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பழைய சபைப் புத்தகங்களை மதுரைக்குக் கொடுத்துவிடுவதென்று தீர்மானமாயிற்று. நின்றுவிட்டேன். விசிறிச் சத்தம். ஜன்னலோரம் அவர் இடத்தில் யாரும் உட்காரவில்லை, வெயில் மட்டும் விழுந்திருக்கிறது. மாசிலாமணி நீங்கலாக, என்று என் வாய் சொல்லிவிட்டது, பழக்கத்தால் சொன்னதா மனசறிந்து சொன்னதா என்று கேட்டால் தெரியாது, மற்ற யாவரும் சம்மதித்தார்கள். முடித்துவிட்டேன். ஐயர் கண்ணை மூடித் திறந்து, ‘வாசிச்சது சரின்னு ஒத்துக்கிறவங்க கைதூக்கலாம்’ என்றார். ஒரு கையும் எழவில்லை. எல்லாத் தலையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. ரூபி மதினி தரையில் கை ஊன்றி எழுந்தாள். அடிக்கச் சொல்லப்போகிறாள், அவள் சொன்னால் அடிக்க வேண்டும், பேனா மூடியைத் திறந்துவைத்துக்கொண்டேன். ‘அவுக வேண்டாம்னு சொன்னது நெசம்’ என்றாள். ‘ஆனா அதுல ஒண்ணு கொறையுது எப்சி. நான் வேணும்னு கை தூக்குனேன். அதையும் எழுது.’ நான், ‘சம்மதிச்சவுக பேர எழுதுற வழக்கமில்ல மதினி’ என்றேன். ‘வழக்கமில்லாட்டி என்ன? யாவரும்னு போட்டா அதுக்குள்ள நான் எங்க கெடக்கேன்னு எவனுக்குத் தெரியும்? ஊரு கண்டதையும் பேசுது. வெள்ளிக்கிழம ஒங்கிட்ட வந்தப்ப நானும் பயந்துட்டேன். இப்ப அவுக பேர நீ வாசிக்கவும், சம்மதிச்சாகன்னு நான் ஒன்னப் பொய் சொல்ல வச்சிருந்தா அவுகளே எந்திரிச்சு வந்து ஹோல்டான்னு சொல்லிருப்பாகன்னு தோணுச்சு. நான் ஒளிஞ்சுக்கிட்டுத் தூக்கல. அவுக பாக்கத்தான் தூக்குனேன். வீட்டுக்குப் போனதும் ஏன்டி தூக்குனன்னாக. சனிக்கெழம கோயில் அலமாரியத் தொடச்சா துணியோட பக்கமும் சேந்து வருது, எங்கனயாவது பத்திரமா இருக்கட்டும்னேன். நீ பூச்சியச் சொல்ற, நான் பஸ் சார்ஜச் சொல்றேன், ரெண்டும் நெசந்தாண்டின்னாக. அன்னைக்கு ராத்திரி மூணு தோச கூடத்தான் சாப்பிட்டாக. என் புருசன் கோவத்துல சாகல. நெஞ்சு வலியில செத்தாக.’ கடைசி வார்த்தையை யாரைப் பார்த்துச் சொன்னாளோ, அந்தப் பக்கத்துத் தலை குனிந்தது. பிறகு கையைத் தூக்கினாள். முதல் கை. அதன் பின்னால் மற்றக் கைகள் எழுந்தன, பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், ஐயரின் கையும். எனக்கு நெஞ்சு விம்மிக்கொண்டு வருகிறது, இந்த ஜனத்தில் ஒருத்தியாய்ப் பிறந்ததற்கு, இவர்களுக்கு எழுதுகிறவளாய் இருப்பதற்கு. மடியில் தாளை வைத்து, நூற்றைம்பது வருஷ வழக்கத்தை மீறி எழுதினேன். இந்தத் தரம் எங்கேயும் அழுத்தவில்லை. ரூபி மதினி உட்காரவில்லை. ‘எழுதிட்டியா? வாசி, கேப்போம்’ என்றாள். மாசிலாமணி நீங்கலாக, அவர் மனைவி ரூபி உட்பட மற்ற யாவரும் சம்மதித்தார்கள் என்று வாசித்தேன். அவள் ஜன்னலோரம் வெயில் விழுந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

‘ரைட்’ என்றாள்.